அட்டைப்படத்தில் பொட்டு இல்லை

மகளுக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. அவளுடைய முதல் பிறந்தநாளுக்கு மாமல்லபுரம் கடற்கரையில் படம் எடுத்துக் கொடுத்த புகைப்படக்காரர். பிறந்தநாள் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டிருந்தன. இத்தனை நாள் கழித்து எதற்கு அழைக்கிறார், படங்களெல்லாம் அழிந்துபோய்விட்டன என்று சொல்லப்போகிறாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். என் மனம் எப்போதும் அந்தப் பக்கமாகத்தான் முதலில் ஓடும்.

"அக்கா, பாப்பா அலையாண்ட உக்காந்துகினு திரும்பிப் பாக்குமே, அந்தப் படம். அத்த ஒரு ஆல்பத்துக்கு கவரா கேக்கறாங்க. போடலாமா?"

கூடுவாஞ்சேரியில் ஒரு பெண் தாலாட்டுப் பாடல்களாகவே எழுதி, பாடி, ஒரு தொகுப்பாக இணையத்தில் வெளியிடப்போகிறாராம். புகைப்படக்காரர் தன் இணையப் பக்கத்தில் மாதிரிக்காகப் போட்டிருந்த படங்களில் எங்கள் மகளைப் பார்த்துவிட்டு, இந்த முகம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாராம். நான் உடனே சரி என்றேன். யோசிக்கவில்லை. பெருமையாக இருந்தது, அவ்வளவுதான். வாயில் சாதத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம், "நீ அட்டையில வரப்போறடி" என்றேன்.

அன்று சாயங்காலம் கல்பாக்கத்திலிருந்து அலுவலகப் பேருந்தில் வந்து இறங்கிய என் கணவரிடமும் சொன்னேன். அவருக்கும் சந்தோஷம். தேநீர் குடித்து முடிப்பதற்குள் தன் அலுவலக நண்பர்கள் சிலருக்குச் சொல்லியும்விட்டார்.

பயம் மறுநாள் காலை துணி உலர்த்தும்போது வந்தது. எங்களுடையது திருக்கழுக்குன்றத்தில் ஒரு வாடகை வீடு. மொட்டை மாடியில் நின்றால் மலைமேல் கோயிலும், படியேறுகிறவர்களின் வரிசையும் தெரியும். கீழே ஒரு ஆட்டோ நின்றிருந்தது. ஓட்டுநர் போனில் பாட்டை ஓடவிட்டு, அதைக் கண்ணாடிக்குக் கீழே சாய்த்து வைத்திருந்தார். பாட்டு ஓடும்போது மேலே ஒரு சதுரப் படம் தெரியுமே, அதைத்தான் இப்போது அட்டை என்கிறார்கள். அந்தச் சதுரத்தில் என் மகள் முகம் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அந்த ஆட்டோக்காரர் நல்ல மனிதர். அவசரத்துக்கு எங்களைச் செங்கல்பட்டு மருத்துவமனைக்கு அழைத்துப் போனவர். ஆனால் அவருக்குப் பிறகு எத்தனை ஆட்டோ, எத்தனை போன், எத்தனை கண். ஒருவர் அந்தப் படத்தை எடுத்து வேறு எங்காவது ஒட்டினால் எனக்கு எப்படித் தெரியும்? பத்து வயதில் அவள், "என்னைக் கேக்காம ஏம்மா குடுத்த?" என்று கேட்டால் என்ன சொல்வேன்?

ஈரத்துணியோடு அங்கேயே நின்றிருந்தேன். கணவரிடம் சொன்னால் சிரிப்பார். சொன்னேன், சிரித்தார்.

"ஒரு படம்தானே. ஊர்ல எல்லாரும் குழந்தை படத்த ஸ்டேட்டஸ்ல வைக்கிறாங்க."

"அது நம்மளா வைக்கிறது. நாளைக்கே எடுத்துடலாம்."

"இதையும் எடுக்கச் சொல்லலாம்" என்றார். சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்பது அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிய விதத்தில் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து மாதிரி அட்டை வந்தது. புகைப்படக்காரர் அதோடு நிறைய இதயக் குறிகளும் அனுப்பியிருந்தார். படத்தைத் திறந்தேன். கடலை ஊதா நிறமாக்கியிருந்தார்கள். வானத்தில் இல்லாத நிலா ஒன்று. நடுவில் என் மகள், ஈர மணலில் உட்கார்ந்து, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது என் மகள் இல்லை என்று தோன்றியது. ஏன் என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. படத்தை விரலால் பெரிதாக்கி, சிறிதாக்கி, மறுபடி பெரிதாக்கினேன். கடைசியில்தான் தெரிந்தது. கன்னத்தில் பொட்டு இல்லை.

படம் எடுக்கப் போன அன்று, காரில் இருந்து இறங்கும் முன்பே மை டப்பாவைத் திறந்து அவள் இடது கன்னத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்திருந்தேன். வியர்வையில் அது கலைந்ததால், மணலில் உட்கார வைத்த பிறகு மறுபடியும் ஒருமுறை வைத்தேன். பிறந்த நாளிலிருந்து அந்தப் பொட்டு இல்லாமல் அவளை வாசல் தாண்டிக் கொண்டுபோனதில்லை. நான் இயற்பியல் படித்தவள், குழந்தை பிறக்கும்வரை பள்ளியில் பாடம் நடத்தியவள். கண் படும், திருஷ்டி கழியும் என்பதையெல்லாம் நம்புகிறேனா என்று வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் வைக்காமல் இருக்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. ஆயிரம் பேர் பார்க்கப்போகிற ஒரு படத்தில் அந்தப் பொட்டைத் துடைத்து எடுத்திருக்கிறார்கள்.

உடனே புகைப்படக்காரரைக் கூப்பிட்டேன். அவருக்கு முதலில் புரியவே இல்லை.

"பொட்டா? ஓ, அதுவா. கவர் செஞ்சவரு வேற எங்கியோ கீறாருக்கா. மூஞ்சில அழுக்குன்னு நெனச்சி கிளீன் பண்ணிட்டு இருப்பாரு. மூஞ்சி நல்லா பளிச்சுனு கீது இல்ல?"

சாயங்காலம் மகளுக்கு உடம்பு சுட்டது. மேல் ஈறு வீங்கியிருந்தது. பல் முளைக்கிறது, ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்றார் கணவர். எனக்கும் அது தெரியும். இருந்தாலும் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, கை நிறையக் கல்லுப்பை எடுத்து அவளைச் சுற்றித் தண்ணீரில் போட்டேன். உப்பு கரைந்து முடியும்வரை அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெறும் மாதிரிதானே, இன்னும் யாருமே பார்க்கவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்த்தவர்கள் இருந்தார்கள். அட்டையைச் செய்தவர், பாடகி, புகைப்படக்காரர், அவர்கள் யார் யாருக்குக் காட்டினார்களோ அவர்களும்.

என்னோடு படித்த தோழி ஒருத்தி செங்கல்பட்டு நீதிமன்றத்தில் வழக்கறிஞர். அவளைக் கூப்பிட்டேன். சின்ன விஷயத்துக்குத் தொந்தரவு செய்கிறேனே என்று ஆரம்பத்திலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு நிம்மதியும் குழப்பமும் சேர்ந்தே வந்தன. பொதுவாகப் படத்தை எடுத்தவருக்குத்தான் அதன் உரிமை. ஆனால் நாம் காசு கொடுத்து, இன்னாரை எடுத்துக்கொடு என்று சொல்லி எடுத்த படம் என்றால், வேறு மாதிரி ஒப்பந்தம் எதுவும் எழுதாதவரை, உரிமை நமக்கு. எடுத்தவர் தன் பேரைப் போடச் சொல்லலாம், படத்தைக் கெடுத்தால் ஆட்சேபிக்கலாம். ஆனால் இன்னொருவருக்கு அவராகக் கொடுக்க முடியாது. "நீ வேணாம்னா வேணாம்தான்" என்றாள். பிறகு, எதற்குக் கையெழுத்துப் போடச் சொன்னாலும் கடைசி வரிவரை படிக்காமல் போடாதே என்றாள்.

சட்டம் என் பக்கம் இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு ஏன் இன்னும் பயம் கூடியது என்று தெரியவில்லை. சரி என்று சொன்னதும் நான்தானே. ஒருவர் ஆசையாகக் கேட்டதைக் கொடுத்துவிட்டு, பிறகு பிடுங்குவதா? ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் யோசித்தேன். பொட்டை மட்டும் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு விட்டுவிடலாமா? முகம் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? கணவர், "நேர்ல போய்ப் பேசிடு, போன்ல நீ சரின்னு சொல்லிடுவ" என்றார். அது உண்மை. அந்த ஞாயிற்றுக்கிழமை மகளைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் மாமல்லபுரம் பேருந்தில் ஏறினோம். காய்ச்சல் போயிருந்தது. கன்னத்தில் பொட்டு வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

புகைப்படக்காரரின் ஸ்டுடியோ பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை. பிரம்புக்கூடை, மரத்தில் செய்த பிறைநிலா, பட்டுத்துணி போர்த்திய சின்னச் சிம்மாசனம் என்று குழந்தைகளை உட்கார வைக்கும் சாமான்கள் மூலையில் குவிந்திருந்தன. மகள் நேராகச் சிம்மாசனத்தைப் பார்த்து நடந்தாள். பாடகியையும் வரச் சொல்லியிருப்பதாகப் புகைப்படக்காரர் சொல்லி முடிப்பதற்குள் படியில் யாரோ மெதுவாக ஏறி வரும் சத்தம் கேட்டது. பாடகி. கைப்பிடிச் சுவரைப் பிடித்து, மூச்சு வாங்கி, உள்ளே வந்தார். வயிறு நன்றாக முன்னால் வந்திருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ என்பது மாதிரி.

பேருந்தில் நான் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததெல்லாம் அந்த நிமிடம் போய்விட்டது. கர்ப்பிணி ஒருத்தி ஆசைப்பட்டுக் கேட்கும்போது இல்லை என்று சொல்வதில்லை. நான் மசக்கையாக இருந்தபோது, பேருந்தில் ஒரு அம்மாள் கொறித்துக்கொண்டிருந்த மாங்காய்க் கீற்றை நான் பார்த்ததைப் பார்த்து, அவர் பொட்டலத்தோடு என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். இவரிடம் நான் என்னவென்று சொல்வது?

அவர் ஒரு கணினி அலுவலகத்தில் வேலை பார்க்கிறார், விடுப்பில் இருக்கிறார். பாடல்களெல்லாம் வயிற்றில் இருக்கும் குழந்தைக்காக ஆரம்பித்தது என்றார். பிரசவத்துக்குள் வெளியிட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகு நேரம் இருக்காது என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள் என்றார். என் மகளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். பாடல்களை இணையத்தில் ஏற்றும் நிறுவனத்துக்கு, படத்தில் குழந்தை இருந்தால் பெற்றோரின் சம்மதம் எழுத்தில் வேண்டுமாம்.

கடைசி வரிவரை படித்தேன். எல்லா இடங்களிலும், எல்லாக் காலத்துக்கும், இப்போது இருக்கும் வடிவங்களிலும் இனி வரப்போகும் வடிவங்களிலும், படத்தைத் திருத்தவும் மாற்றவும் வெட்டவும் உரிமை என்று இருந்தது. இனி வரப்போகும் வடிவங்கள். நான் அந்த இடத்தைத் தாண்டவே முடியாமல் நின்றேன்.

"பத்து வருஷம் கழிச்சு அவ வேணாம்னு சொன்னா எடுத்துடலாமா?" என்று கேட்டேன்.

"நான் ஏத்துன இடத்துல எடுத்துடலாம்க்கா" என்றார் பாடகி. "மத்தவங்க எடுத்து வச்சிருந்தா, அது என்னால முடியாது. பொய் சொல்லக்கூடாதில்ல."

அவர் பொய் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் கணவரைப் பார்த்தேன். அவர் மகளைச் சிம்மாசனத்தில் இருந்து இறக்கும் வேலையில் இருந்தார், அல்லது இருப்பதுபோல் இருந்தார். முகம் வேண்டாம் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, நிறுத்த முடியாமல் தோழி சொன்ன சட்டத்தையும் சேர்த்துச் சொன்னேன். காசு கொடுத்து எடுத்ததால் படம் எங்களுடையது என்று. அதை அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

புகைப்படக்காரரின் முகம் மாறியது.

"இன்னாக்கா இப்புடி சொல்ற. தண்ணில படுத்துகினு எடுத்தது நானு. அலை வந்து கேமரா போயிருந்தா நீ குடுத்து இருப்பியா? காசு குடுத்துட்டா என் கண்ணும் உன்னுதாயிடுமா?"

அதுவரை என்னை நீங்க என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. அவர் சொன்னதும் நியாயம்தான். அவள் திரும்பிப் பார்த்த அந்த ஒரு கணத்தை நான் பார்க்கக்கூட இல்லை. அலை வருகிறதே என்று அலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தது அவர். ஆனாலும் பார்க்கப்பட்டது என் பிள்ளை. இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "கோச்சிக்காதீங்க, பொட்டைக்கூட எடுத்துட்டாங்க" என்றேன்.

"எந்தப் பொட்டு?" என்றார் பாடகி.

அவருக்குத் தெரியாது. அவர் படத்தை ஒருமுறை புகைப்படக்காரரின் இணையப் பக்கத்தில், போனில், சின்னதாகப் பார்த்ததோடு சரி. பெரிதாக அவரிடம் வந்தபோதே கன்னம் துடைக்கப்பட்டிருந்தது. அசலைக் காட்டச் சொன்னார். புகைப்படக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தார். எங்கள் பிறந்தநாள் படங்கள் எல்லாம் வரிசையாக வந்தன, நாங்கள் தேர்ந்தெடுத்தவையும் வேண்டாம் என்று ஒதுக்கியவையும். பாடகி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஓரிடத்தில் கை நின்றது.

நான் பார்த்தே இராத படம். மணலில் உட்கார்ந்த பிறகு நான் மறுபடி பொட்டு வைத்தேனே, அந்த நேரத்தில் வெளிச்சம் பார்ப்பதற்காகப் புகைப்படக்காரர் தட்டியிருந்தது. என் கையின் பின்புறம் மகளின் முகத்தை முக்கால்வாசி மறைத்துவிட்டது. தெரிவது என் மைபட்ட விரல், வளையல், கொஞ்சம் கன்னம், அதில் பாதி வைத்த பொட்டு. பின்னால் கடல் கலங்கலாக. குழந்தை யார் என்று ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

"இது குடுப்பீங்களாக்கா?" என்றார் பாடகி. குரலில் பழைய ஆசை இல்லை. அவருக்கு வேண்டியது அந்த முகம்தான். அது எனக்குத் தெரிந்தது. கேட்டதற்கு இது பாதி.

"அதுல போகஸ் கைல கீதுங்க, பாப்பா மேல இல்ல" என்றார் புகைப்படக்காரர், தொழில் தெரிந்தவரின் கவலையோடு. கோபம் தணிந்திருந்தது.

என் கையைப் பற்றி முடிவு செய்ய எனக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. சரி என்றேன். இந்த முறை யோசித்துவிட்டுத்தான். அந்தத் தாளில் இருந்த வரிகளை அடித்து, பேனாவால் எழுதினோம். இந்தத் தொகுப்புக்கு மட்டும். வேறு பொருளிலோ விளம்பரத்திலோ கூடாது. படத்தில் எதையும் அழிக்கவோ சேர்க்கவோ கூடாது. கேட்டால் எடுத்துவிட வேண்டும். எடுத்தவர் பெயர் போட வேண்டும். கடைசி வரியைச் சொன்னது நான். புகைப்படக்காரர் தன் பெயரைத் தானே, இன்னும் அழுத்தமாக, எழுதிக் கொடுத்தார். படத்துக்கென்று ஒதுக்கிய பணத்தை யாரிடம் கொடுப்பது என்று பாடகி தயங்கினார். புகைப்படக்காரருக்கே கொடுங்கள் என்றேன். நாங்கள் தேர்ந்தெடுக்காத படம்தானே, அவருடைய வெளிச்சம், அவருடைய நேரம்.

திரும்பும் பேருந்தில், அந்தப் பணத்தை வாங்கி மகளின் பேரில் அஞ்சலகத்தில் போட்டிருக்கலாமே என்று தோன்றியது. கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் அவரும் அதையேதான் நினைக்கிறார் என்று முடிவு செய்து, ஊர் வரும்வரை அவரிடம் விளக்கிக்கொண்டே வந்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பாடகியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவர் மனம் மாறியிருக்கும், அந்த நிறுவனம் கையால் எழுதியதை ஒப்புக்கொண்டிருக்காது, நான் அவருடைய நல்ல காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று தினமும் ஒன்றாக நினைத்தேன். நிறைமாதத்தில் இருப்பவரை வருத்தப்படுத்தி அனுப்பினேனே, பிரசவம் நல்லபடி ஆக வேண்டுமே என்பதுதான் எல்லாவற்றுக்கும் மேல். வேதகிரீசுவரருக்கு வேண்டிக்கொண்டு ஒரு நாள் மலைப்படிகூட ஏறினேன். எதற்காக என்று கணவரிடம் சொல்லவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், மகள் தூங்கும்போது, புகைப்படக்காரரிடமிருந்து ஒரு இணைப்பு வந்தது. கூடவே, "பாருக்கா. பேரு போட்டு கீறாங்க" என்று. தொட்டதும் பாட்டு ஓட ஆரம்பித்தது. மேலே அந்தச் சதுரம். என் விரல், வளையல், பாதிப் பொட்டு. கடல் கடல் நிறத்திலேயே இருந்தது. நிலா இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். யாரும் எதையும் துடைக்கவில்லை. நகத்தில் கொஞ்சம் மணல்கூட அப்படியே இருந்தது. அதை மட்டும் துடைத்திருக்கலாமோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. பாட்டு நன்றாக இருந்தது. மகள் தூக்கத்தில் புரண்டு படுத்தாள்.

அடுத்த வாரம் பாடகியே எழுதினார். பெண் குழந்தை, சுகப்பிரசவம். கூடவே ஒரு படம் வந்தது. வெள்ளைத் துணியில் சுற்றி, கண்ணை இறுக மூடி, நெற்றி சுருங்கிய முகம். நான் முதலில் பார்த்தது கன்னத்தைத்தான். மை இருந்தது, கொஞ்சம் வழிந்து காதுவரை போயிருந்தது. சந்தோஷத்தில் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அடுத்த செய்தி வந்தது.

"உங்களுக்கு மட்டும்தான் அனுப்பினேன்க்கா. யாருக்கும் காட்டாதீங்க, சேமிச்சும் வைக்காதீங்க. தப்பா நினைக்காதீங்க."

"கண்டிப்பா" என்று எழுதி அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். என் கணவர் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்று, "யார் குழந்தை? அழகா இருக்கே" என்றார்.

போனைச் சட்டென்று கவிழ்த்தேன். அவர் பார்த்துவிட்டார் என்பதைப் பாடகியிடம் சொல்ல வேண்டுமா என்று அன்று முழுக்க யோசித்தேன். சாயங்காலம் படத்தை அழித்தேன். அழிக்கும் முன் இன்னும் ஒரே ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.